பள்ளிக்கூடத்துக் கோச் ஆவது இறக்கமா? ரிவர்ஸ், கிட்னா, அப்புறம் கொஞ்சம் அல்ஜீப்ரா

கேள்வி (டிசம்பர் 10, 2025)

“அமெரிக்கக் கால்பந்தில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி, பந்து போடுகிற குவார்ட்டர்பேக் பிலிப் ரிவர்ஸை 44 வயதில் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. எட்டு தடவை ப்ரோ பவுல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர், 63,000 யார்டுக்கு மேல் பாஸ் போட்டவர். இந்த ஐந்து வருஷமாக அலபாமாவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கோச்சாக இருந்திருக்கிறார். இவ்வளவு பெரிய ஆள் பள்ளிப் பையன்களோடு போய் முடங்குவது வீண் இல்லையா? வேறு வேலை கிடைக்கவில்லையா? பள்ளிக் கோச்சை என்.எஃப்.எல் என்ற தொழில்முறை லீக் நேராகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.”

டிசம்பர் 10, இரவு

முதல் தடவை இல்லை. 2013 டிசம்பரில் டாலஸ் கௌபாய்ஸ் அணி, ஓய்வுபெற்றிருந்த குவார்ட்டர்பேக் ஜான் கிட்னாவை இதே மாதிரி கூப்பிட்டது. அப்போது அவருக்கு 41 வயது. வாஷிங்டன் மாநிலத்து டகோமாவில், தான் படித்த லிங்கன் உயர்நிலைப் பள்ளியிலேயே கோச்சாக இருந்தார். அல்ஜீப்ராவும் நடத்திக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் டாலஸுக்கு வந்து ஆடினார்.

‘வீண்’ என்ற சொல்லுக்கு நாளை வருகிறேன். இப்போது எழுதினால் கோபமாகத்தான் எழுதுவேன்.

டிசம்பர் 11

டாலஸ் பக்கத்தில்தான் இருக்கிறேன். பதினைந்து வருஷமாகிறது. அமெரிக்கக் கால்பந்தை நான் டிவியில் கற்றுக்கொள்ளவில்லை, பள்ளி மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அதனால் எனக்குக் கிட்னாவைப் பிடித்த அளவுக்கு ரிவர்ஸைப் பிடிக்காது. ரிவர்ஸைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். கிட்னாவை யாரும் நினைப்பதில்லை, அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1991இல் லிங்கனில் படிப்பை முடித்தார். பெரிய பல்கலைக்கழகங்கள் எதுவும் அவரைத் தேடி வரவில்லை. எல்லன்ஸ்பர்க்கில் உள்ள சென்ட்ரல் வாஷிங்டனில் போய்ச் சேர்ந்தார். அங்கே படித்ததே கணக்கு வாத்தியாராகவும் கோச்சாகவும் ஆவதற்குத்தான். 1995இல் அந்த அணி, சின்னக் கல்லூரிகளுக்கான என்.ஏ.ஐ.ஏ இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டம் வரை போனது. ஃபின்ட்லே கல்லூரியோடு 21க்கு 21 என்று சமமாக முடிந்து, இரண்டு அணிகளும் கோப்பையைப் பங்கு போட்டுக்கொண்டன.

1996 டிராஃப்டில், அதாவது என்.எஃப்.எல் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, அவரை யாரும் எடுக்கவில்லை. அப்போது சியாட்டில் சீஹாக்ஸ் கோச்சாக இருந்தவர் டெனிஸ் எரிக்சன். அவருடைய உறவுக்காரப் பையன் ஒருவர் கிட்னாவோடு அதே கல்லூரி அணியில் ஆடினார். அவரைப் பார்க்க வந்த எரிக்சன், பந்து போடுகிற பையனையும் பார்த்துவிட்டார். எரிக்சன் வந்திருக்காவிட்டால் கிட்னா அப்போதே கணக்கு நடத்தப் போயிருப்பார்.

அதன்பிறகும் நேராகப் போய் ஆடிவிடவில்லை. 1997இல் ஐரோப்பாவில் நடந்த வேர்ல்டு லீகில் பார்சிலோனா டிராகன்ஸுக்கு ஆட அனுப்பினார்கள். வேர்ல்டு பவுல் ஜெயித்தார்கள், இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரர் இவர். அந்த ஆண்டே சியாட்டிலில் இடம் கிடைத்தது. 2000 ஜனவரியில் சியாட்டிலின் கிங்டோம் அரங்கில் நடந்த கடைசி ஆட்டம், மயாமிக்கு எதிரான ப்ளே ஆஃப் என்ற நாக் அவுட் ஆட்டம். குவார்ட்டர்பேக் கிட்னாதான். 20க்கு 17 என்று தோற்றார்கள்.

பிறகு சின்சினாட்டி, டெட்ராய்ட், கடைசியில் டாலஸ். 1997 முதல் 2011 வரை மொத்தம் நாலு அணிகள். 29,745 யார்டு, 169 டச்டவுன், 165 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட பாஸ்). கடைசி இரண்டு எண்களும் எவ்வளவு கிட்டே இருக்கின்றன பாருங்கள். மகத்தான ஆட்டக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. 2003இல் சின்சினாட்டி முதல் தேர்வாக கார்சன் பாமரை எடுத்தது. அந்த வருஷம் பாமரை உட்காரவைத்துவிட்டு 16 ஆட்டத்திலும் கிட்னாவை ஆடவைத்தார்கள். முந்தின வருஷம் 2 வெற்றி, 14 தோல்வி என்று இருந்த அணி 8 வெற்றி, 8 தோல்வி என்று ஆனது. ‘மீண்டு வந்த வீரர்’ விருதும் கிட்னாவுக்கே வந்தது. அடுத்த வருஷம் அவரை உட்காரவைத்துப் பாமரிடம் பந்தைக் கொடுத்தார்கள். நன்றாக ஆடியவனிடமிருந்து இடத்தை வாங்கி இளையவனுக்குக் கொடுக்கிறார்கள், இவர் பக்கத்தில் நின்று அந்த இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டு வருஷம் அதைச் செய்தார். 2006 ஜனவரியில் பிட்ஸ்பர்குக்கு எதிரான ப்ளே ஆஃபில் பாமர் போட்ட முதல் பாஸிலேயே அவர் முழங்கால் போய்விட்டது. தொப்பியைக் கழற்றி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிட்னா உள்ளே போனார். 31க்கு 17 தோல்வி.

பேக்கப், அதாவது மாற்று ஆட்டக்காரர், வாரம் முழுக்க ஆட்டத்தைப் படிப்பார், ஞாயிற்றுக்கிழமை நின்று பார்ப்பார், பார்த்ததை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்வார். வாத்தியார் செய்வதும் இதுதானே?

இப்படிப் பார்த்தால் என்.எஃப்.எல்தான் அவருக்கு நடுவில் வந்த சுற்றுவழி. கிளம்பும்போது நினைத்த ஊருக்கு 2012இல் போய்ச் சேர்ந்தார், அவ்வளவுதான்.

டிசம்பர் 11, பிற்பகல்

பணத்தைப் பற்றி ஒரு வரி. ரிவர்ஸ் ஆட்டத்தில் சம்பாதித்தது 20 கோடி டாலருக்கும் மேல். ஃபேர்ஹோப்பில் உள்ள செயின்ட் மைக்கேல் கத்தோலிக்கப் பள்ளியின் அடுத்த கோச் அவர்தான் என்று 2020 மே மாதமே அறிவித்துவிட்டார்கள். அப்போது அவர் கோல்ட்ஸுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. வேறு வேலை கிடைக்காதவர் இப்படி முன்கூட்டியே இடம் போட்டு வைப்பாரா?

டிசம்பர் 12

“அல்ஜீப்ராவுக்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம், அது வெறும் அழகுக்காகச் சொல்கிற கதை” என்று ஒருவர். அழகுக்காக இல்லை. டெக்சஸில் பிள்ளை வளர்த்த யாரையும் கேளுங்கள்.

இங்கே 1984இல் கொண்டுவந்து 1985 முதல் நடக்கிற சட்டம் ஒன்று உண்டு. பாஸ் இல்லையென்றால் ஆட்டம் இல்லை. ஏதாவது ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் மைதானத்தில் இறங்க முடியாது. மூன்று வாரம் கழித்து எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தால்தான் திரும்ப வரலாம். தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையில் அமைந்த குழுவின் யோசனை அது. டெக்சஸில் கால்பந்தின் மேல் கைவைப்பதா என்று அப்போது பெரிய கூச்சல் எழுந்தது. சட்டம் இன்றும் நிற்கிறது.

இந்தச் சட்டம் கால்பந்துக்கு மட்டும் இல்லை, ஆட்டத்தில் அணிவகுத்து வாசிக்கிற பள்ளி பேண்டுக்கும் உண்டு. அது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. என் மகன் ட்ரம்பெட். ஜூலை கடைசியிலிருந்து தார் கொதிக்கிற பார்க்கிங் மைதானத்தில் நடந்து நடந்து பழகினான். ஒன்பதாம் வகுப்பில் முதல் ஆறு வார மதிப்பெண் வந்தது. அல்ஜீப்ரா 68.

அக்டோபரில் மார்ச்சிங் போட்டி. அவன் இடம் காலி. அணிவகுப்பில் ஒருவன் இல்லையென்றால் அந்த இடத்தை மூட முடியாது, எல்லோரும் அவனவன் புள்ளியில்தான் நிற்பார்கள். அந்த ஓட்டை படிக்கட்டின் உச்சியிலிருந்து பார்த்தாலும் தெரியும். நான் அன்றைக்கு நாச்சோஸ் விற்கிற கடையில் நின்றுகொண்டிருந்தேன், பேண்டுப் பெற்றோருக்கு முறை போட்டுக் கொடுப்பார்கள். இடைவேளையில் வெளியே வந்து பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

கணக்கில் பின்தங்கின பிள்ளைகளுக்குத்தான் கிட்னா லிங்கனில் பாடம் எடுத்தார். ஒரு பையன் கால்பந்தை விட்டுப் போவது பெரும்பாலும் மைதானத்தில் நடப்பதில்லை, வகுப்பறையில் நடக்கிறது. ஒரே ஆள் இரண்டு இடத்திலும் நின்றால் அவனைப் பிடித்து நிறுத்தலாம்.

டிசம்பர் 13

திருத்தம். 10ஆம் தேதி குறிப்பில் கிட்னா டாலஸுக்கு “வந்து ஆடினார்” என்று எழுதிவிட்டேன். தப்பு. ஆடவில்லை.

நடந்தது இதுதான். டோனி ரோமோவின் முதுகில் தட்டு நழுவிவிட்டது. கைல் ஆர்டன்தான் மிச்சம் இருந்த குவார்ட்டர்பேக். அவருக்கும் ஏதாவது ஆனால் யார் என்று, அணியின் ஆட்ட முறை தெரிந்த ஆளாகக் கூப்பிட்டார்கள். டிசம்பர் 29, ஞாயிறு இரவு, பிலடெல்பியாவோடு ஆட்டம். ஜெயிக்கிற அணி ப்ளே ஆஃப் போகும், தோற்கிற அணி வீட்டுக்குப் போகும். டாலஸ் 24க்கு 22 என்று தோற்றது. ஆர்டன் கடைசி வரை நின்றார், கிட்னாவுக்கு வேலையே வரவில்லை. ஒரு வாரம் இருந்தார், திரும்பிப் போனார்.

அந்த ஒரு வாரச் சம்பளம் 50,000 டாலருக்கு மேல். முழுவதையும் லிங்கன் பள்ளிக்கே கொடுத்துவிட்டார்.

அன்று ராத்திரி அந்த ஆட்டத்தை வீட்டில் பார்த்தேன். கேமரா ஒரு தடவை அவர் பக்கம் திரும்பியது. கையில் அட்டையோடு நின்றார். ஜெயித்திருந்தால் அடுத்த வாரமும் இருந்திருப்பார், பள்ளி திறந்திருக்கும், வகுப்பை யார் பார்த்திருப்பார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

டிசம்பர் 14, இரவு

ரிவர்ஸ் ஆடிவிட்டார்! 2021 ஜனவரிக்குப் பிறகு முதல் ஆட்டம். சியாட்டிலிடம் 18க்கு 16. சியாட்டில் ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை, எல்லாம் கம்பத்துக்கு நடுவே பந்தை உதைத்து எடுத்த ஆறு ஃபீல்டு கோல். முக்கால் நிமிஷம் இருக்கும்போது கோல்ட்ஸ் 16க்கு 15 என்று முன்னால் வந்தது. அப்புறம் 56 யார்டிலிருந்து உதைத்து முடித்துவிட்டார்கள்.

பந்து போடுகிற கை அப்படியே இருக்கிறது. தோளுக்கு மேலே தூக்காமல், குண்டு எறிகிற மாதிரி பக்கவாட்டில் தள்ளுகிற அந்த வீச்சு. கை சின்னதாக இருந்த வயதிலேயே பெரியவர்கள் ஆடுகிற அளவுப் பந்தை எடுத்துப் போட்டுப் பழகியதால் வந்தது. அவருடைய அப்பாவும் பள்ளிக் கோச். அலபாமாவில் ஏதென்ஸ் உயர்நிலைப் பள்ளியில் அப்பாவிடமே ஆடினார். அப்பா போட்ட 17ஆம் எண்தான் இவருடையதும்.

நான் தூங்கப் போகிறேன். பையன்கள் ஃபேர்ஹோப்பில் கூடி உட்கார்ந்து பார்த்திருப்பார்கள் என்று நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

டிசம்பர் 15

“ஐந்து வருஷம் ஆடாதவர் நாலே நாளில் எப்படித் தயாரானார்” என்ற கேள்விக்கு. கோல்ட்ஸ் தலைமைக் கோச் ஷேன் ஸ்டைகன். கோல்ட்ஸுக்கு முன்னால் சார்ஜர்ஸ் அணியில் ரிவர்ஸ் ஆடும்போதே அங்கே பயிற்சியாளர்களில் ஒருவர். அந்த ஆட்ட முறையையும் சொற்களையும்தான் ரிவர்ஸ் பள்ளியில் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்துவந்தார். ஐந்து வருஷமாகத் தினமும் வாயால் சொல்லிக்கொண்டிருந்த பாடம் அது. காலும் கையும்தான் பழசு, மொழி மறக்கவில்லை.

பதினான்கு, பதினைந்து வயசுப் பையனுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், உங்களுக்கே அது எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று விளங்கிவிடும்.

11ஆம் தேதி நான் சொன்ன ‘பேக்கப்தான் நல்ல வாத்தியார்’ என்பதற்கு ரிவர்ஸ் பொருந்தவில்லையே என்று நானே யோசித்தேன். 2006லிருந்து 240 ஆட்டம் விடாமல் ஆடியவர். 2008 ஜனவரியில் முழங்கால் தசைநார் கிழிந்த நிலையிலேயே நியூ இங்கிலாந்துக்கு எதிராக ஆடியவர். ஆனால் அதற்கு முன்னால் 2004, 2005 இரண்டு வருஷமும் ட்ரூ ப்ரீஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அது போதுமா? போதாது என்றுதான் நினைக்கிறேன். அவர் வந்தது அப்பா வழியாக. என் விதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், கிட்னாவுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

டிசம்பர் 17

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன்.

கிட்னா “நினைத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்” என்று எழுதினேன். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே அவர் தங்கவில்லை. லிங்கனில் 2012, 2013, 2014 என்று மூன்று சீசன். 2015இல் டாலஸுக்குத் தெற்கே வாக்ஸஹாச்சி. 2018இல் ஃபீனிக்ஸில் ப்ரோஃபி என்ற கத்தோலிக்கப் பள்ளி, ஒரே சீசன். 2019இல் டாலஸ் கௌபாய்ஸில் குவார்ட்டர்பேக் கோச். 2020இல் திரும்பப் பள்ளிக்கு, ஃபோர்ட் வொர்த் பக்கத்துப் பர்ல்சன். 2023இல் ஒஹாயோவில், சின்சினாட்டிக்கு வடக்கே லகோட்டா ஈஸ்ட். பதினோரு வருஷத்தில் ஐந்து பள்ளி, நாலு மாநிலம்.

டகோமாவில் அவரை நம்பியிருந்த பையன்கள் 2015இல் என்ன நினைத்திருப்பார்கள்? பள்ளிக் கோச் மாறுவது சின்ன விஷயம் இல்லை. என் மகன் பள்ளியில் தலைமைக் கோச் ஒரு ஜனவரியில் வேறு ஊருக்குக் கிளம்பினார். அடுத்த சீசனில் மேல் வகுப்புக்குப் போகவிருந்த பையன்கள் உடை மாற்றும் அறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். ஒருவனும் பேசவில்லை. ஆறடி உயரத்துப் பையன்கள்.

அதே சமயம் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிட்னாவின் மகன்களும் குவார்ட்டர்பேக்குகள். வாக்ஸஹாச்சியிலும் பர்ல்சனிலும் அப்பாவிடமே ஆடினார்கள். 15 வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இல்லாத அப்பா, பிள்ளைகள் ஆடுகிற வயதில் அவர்களோடு மைதானத்தில் நிற்க ஆசைப்பட்டதை எப்படிக் குறை சொல்வது? சொல்ல முடியவில்லை. டகோமாப் பையன்களையும் மறக்க முடியவில்லை. இரண்டும் என்னிடம் அப்படியே இருக்கின்றன.

டெக்சஸுக்கு வருவதில் இன்னொரு வித்தியாசமும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தில் கோச் வேலைக்குத் தனியாக ஒரு சின்னத் தொகைதான் கிடைக்கும், சோறு போடுவது வாத்தியார் சம்பளம். டெக்சஸின் பெரிய பள்ளிகளில் தலைமைக் கோச்சுக்கு அதுவே முழு வேலை, பள்ளியின் மொத்த விளையாட்டுக்கும் அவரே பொறுப்பு, பெரும்பாலும் வகுப்பு எடுப்பதில்லை. ஆலன் என்ற ஊரில் 2012இல் ஒரு பள்ளி மைதானம் திறந்தார்கள், 18,000 இருக்கை, செலவு 6 கோடி டாலர். இரண்டு வருஷத்தில் கான்கிரீட் விரிசல் விட்டு மூடிப் பழுது பார்த்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் கோச் கரும்பலகைப் பக்கம் போக நேரம் இருக்காது. 12ஆம் தேதி “ஒரே ஆள் இரண்டு இடத்திலும் நிற்கலாம்” என்று எழுதினேனே, அது லிங்கனில் நடந்தது. டெக்சஸில் தலைமைக் கோச்சாக இருந்துகொண்டு அதைச் செய்வது சிரமம்.

டிசம்பர் 18

“கௌபாய்ஸ் கோச் ஆனதும் மறுபடி பள்ளிக்கு வந்தது தோல்விதானே?”

2019இல் அவர் கையில் இருந்தவர் டாக் ப்ரெஸ்காட். அந்த வருஷம் ப்ரெஸ்காட் போட்டது 4,902 யார்டு, 30 டச்டவுன். அணி 8க்கு 8 என்று முடிந்ததால் தலைமைக் கோச் ஜேசன் காரெட் போனார், உதவிக் கோச்சுகள் பலரும் கூடவே போனார்கள். புது முதலாளி வந்தால் பழைய ஆட்கள் கிளம்புவது அந்தத் தொழிலில் வழக்கம். இன்னொரு என்.எஃப்.எல் வாசலில் போய் நிற்காமல் அவர் பர்ல்சனுக்குப் போனார்.

ரிவர்ஸுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஓய்வுபெற்று ஐந்து வருஷம் ஆக வேண்டும். 2026 பட்டியலில் அரையிறுதி வரை அவர் பெயர் வந்துவிட்டது. இப்போது திரும்ப ஆடியதால் அந்த ஐந்து வருஷம் முதலிலிருந்து தொடங்கும். தெரிந்தேதான் வந்தார். ஏறுவது, இறங்குவது என்று ஒரே ஏணியை வைத்து இவர்களை அளந்தால் இந்த முடிவு எதுவுமே புரியாது.

டிசம்பர் 21

மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு, “அல்ஜீப்ரா யார் நடத்தினார் என்று ஏன் எழுதவில்லை?” என்று கேட்டான்.

எனக்கு நினைவே இல்லை. அவன் சொன்ன பிறகுதான் வந்தது. தலைமைக் கோச்சுகள் வகுப்புக்கு வர மாட்டார்கள் என்று எழுதினேன், சரி. ஆனால் உதவிக் கோச்சுகள் வருவார்கள், வர வேண்டும், அதுதான் அவர்கள் வேலை. அவனுக்கு அல்ஜீப்ரா நடத்தியவர் லைன்பேக்கர் என்ற தடுப்பு ஆட்டக்காரர்களுக்கான உதவிக் கோச். கழுத்தில் விசிலோடுதான் வகுப்புக்கு வருவாராம். 68 வந்த வாரம் இவனைக் கூப்பிட்டு, காலை ஆறே முக்காலுக்கு வா என்றிருக்கிறார். அந்த நேரத்தில் அங்கே நாலு கால்பந்துப் பையன்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்களாம். நடுவில் இவன் ஒரு ட்ரம்பெட்டோடு. ‘பேண்டுப் பையன் இங்கே எதற்கு’ என்று ஒருவன் கேட்டதற்கு, அவனும் வெள்ளிக்கிழமை இதே மைதானத்துக்குத்தான் வருகிறான் என்று சொன்னாராம்.

மூன்று வாரம். இருட்டில் நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். அப்படியும் அந்த ஆளின் முகம் எனக்கு ஞாபகம் இல்லை, வண்டியை விட்டு நான் இறங்கியதே இல்லை.

மூன்றாவது வாரம் மதிப்பெண் போட்ட அன்று, அவர் பயிற்சிக்குப் போகிற வழியில் பேண்டு அறைக்குள் தலையை நீட்டி, ஒத்திகை நடந்துகொண்டிருந்ததால் பேசாமல், இரண்டு கையையும் தூக்கி விரலால் காட்டினாராம். முதலில் ஏழு. அப்புறம் நாலு.